ஒரு டிஸ்க் போன பிறகு

செத்துப்போன ஹார்டு டிஸ்க்கை சர்வரிலிருந்து உருவிவிட்டுப் புதியதைச் செருக ஐந்து நிமிடம் தாராளம். பெரும்பாலான சர்வர்களில் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். சர்வரை நிறுத்தவும் வேண்டாம். உள்ளே வங்கிக் கணக்கோ ஆஸ்பத்திரிப் பதிவேடோ தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு வரும் ஒன்றிரண்டு நாட்களைத்தான் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கழிப்பார்கள். பழைய டிஸ்க்கில் இருந்த ஒவ்வொரு பிட்டும் புது டிஸ்க்கில் மறுபடி எழுதப்பட வேண்டும். அந்தத் தகவல் பெரும்பாலும் வேறெங்கும் அப்படியே நகலாக இருப்பதில்லை. மிச்சமிருக்கும் டிஸ்க்குகள் அத்தனையையும் முதலிலிருந்து கடைசிவரை படித்து, கணக்குப் போட்டு, அதை வரவழைக்க வேண்டும். கணக்கு முடிகிறவரை இன்னொரு டிஸ்க் படுத்துவிடக் கூடாது.

இந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். பல டிஸ்க்குகளை ஒரே டிஸ்க்காக நடத்தி, ஒன்று போனாலும் தகவல் போகாதபடி எழுதிவைக்கும் முறை. மேசை மேல் வைக்கும் நான்கு டிஸ்க் பெட்டியிலிருந்து பெரிய டேட்டா சென்டர்கள் வரை ஏதோ ஒரு வடிவத்தில் இது இருக்கிறது. இது பிறந்த கதையில் பாதி சிக்கனம், பாதி பயம்.

1980களில் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்ற டிஸ்க் என்றால் ஐபிஎம் 3380 தான். 24 கன அடி இடத்தை அடைத்துக்கொண்டு, 6,600 வாட் மின்சாரம் குடித்து, 7,500 மெகாபைட் தகவலைத் தாங்கும் பெட்டி அது. அதே காலத்தில் பெர்சனல் கம்ப்யூட்டர்களுக்காக கானர் நிறுவனம் செய்த 3.5 அங்குல டிஸ்க் 100 மெகாபைட் கொள்ளும். 10 வாட் போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் போட்டார்கள். 75 சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்தால் பெரிய பெட்டியின் கொள்ளளவு வந்துவிடுகிறது. மின்சாரம் ஒன்பதில் ஒரு பங்கு. எல்லா டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் வேகமும் பல மடங்கு.

பயம் அடுத்த வரியில் வந்தது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம், அதாவது மூன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவாக, உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 டிஸ்க்குகளைச் சேர்த்துவிட்டால் அவற்றில் ஏதாவது ஒன்று போவதற்கு 300 மணி நேரம் போதும். இரண்டு வாரம்கூட இல்லை. ஒன்று போனால் மொத்தமும் போகும் என்கிற நிலையில், இரண்டு வாரம் தாங்காத கருவியை யார் வாங்குவார்கள்?

1988 ஜூனில் சிகாகோவில் நடந்த சிக்மோட் மாநாட்டில் அவர்கள் முன்வைத்த கட்டுரை இந்த 300 மணி நேரத்தை நேருக்கு நேர் சந்தித்தது. டிஸ்க் சாகத்தான் போகிறது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, கூடுதலாகச் சில டிஸ்க்குகளைச் சேர்த்து இழப்பை ஈடுகட்டும் வழிகளை ஐந்தாகப் பிரித்து எழுதினார்கள். ரெய்டு 1 முதல் ரெய்டு 5 வரையிலான எண்கள் அங்கே வந்தவை. அடிப்படை யோசனை அதற்கு முன்பே இருந்தது. ஐபிஎம்மின் நார்மன் ஓவுச்சி 1978இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனாலும் மலிவான டிஸ்க்குகளை நம்பிப் பெரிய கட்டடம் கட்டலாம் என்று துணிச்சலோடு எண்களை அடுக்கிக் காட்டியது பெர்க்லிக் கட்டுரைதான். பெரிய டிஸ்க் பெட்டிகளின் காலம் அதற்குப் பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை.

ஹார்டு டிஸ்க் ஏன் சாகிறது என்று கேட்பதைவிட, அது எப்படி வருடக்கணக்கில் உயிரோடு இருக்கிறது என்று கேட்பதே நியாயம். உள்ளே பளபளக்கும் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சர்வர்களில் உள்ளவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும், நொடிக்கு 120. அந்த வேகத்தில் தட்டின் ஓரம் மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் கதியில் ஓடும். அதற்கு மேலே, தகவலைப் படிக்கும் தலை சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஒரு தலைமுடியின் பருமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். தலை தட்டில் உரசினால் அந்த இடத்துத் தகவல் சுரண்டப்பட்டுவிடும். கிளம்பும் துகள் மற்ற இடங்களையும் கெடுக்கும். மோட்டார் நிற்கலாம். அடியில் உள்ள எலெக்ட்ரானிக் அட்டை கருகலாம். பல டிஸ்க்குகள் இப்படி ஒரே நாளில் போவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, தகவலை எழுதும் சிறு கட்டங்களான செக்டர்கள் படிக்க முடியாமல் போகும். டிஸ்க் தன்னிடமுள்ள உபரி செக்டர்களை வைத்துச் சமாளிக்கும். உபரியும் தீர்ந்து, பதில் சொல்ல நேரம் எடுக்க ஆரம்பித்ததும், டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் அதைக் கூட்டத்திலிருந்து விலக்கிவைத்துவிடும்.

விலக்கியதும் சர்வர் டிக்ரேடட் நிலைக்கு வந்துவிடுகிறது. ஓடும், ஆனால் கைப்பிடி இல்லாத படிக்கட்டில்.

காணாமல்போன தகவலை வரவழைக்கும் கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. மளிகைக் கடை ரசீதில் ஒரு வரி எண்ணெய் பட்டு அழிந்துவிட்டது. மற்ற வரிகளும் கீழே மொத்தமும் தெரிகின்றன என்றால், அழிந்த தொகை எவ்வளவு என்று கழித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். ரெய்டு 5 செய்வது அதே வேலை. கூட்டல் தொகைக்குப் பதிலாக அது 'பாரிட்டி' என்ற ஒற்றை பிட்டை எழுதிவைக்கிறது. மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்ற பிட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள் இருப்பதால், நான்காவது டிஸ்க்கில் பாரிட்டியாக 0 எழுதப்படும். இப்போது மூன்றாவது டிஸ்க் போய்விட்டது. மிச்சம் இருப்பவை 1, 0, பாரிட்டி 0. ஒன்றுகள் இரட்டைப்படையாக வர வேண்டுமானால் தொலைந்தது 1 ஆகத்தான் இருக்க முடியும்.

இவ்வளவுதான். இதை 4 டெராபைட் டிஸ்க் முழுவதற்கும் செய்தால் 32 லட்சம் கோடி பிட்டுகள். பாரிட்டியை ஒரே டிஸ்க்கில் வைத்தால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த ஒரு டிஸ்க்கிலேயே நெரிசல் ஏற்படும் என்பதால், ரெய்டு 5இல் அதை எல்லா டிஸ்க்குகளிலும் மாற்றி மாற்றிப் பரப்பி வைத்திருப்பார்கள். ரெய்டு 1 இன்னும் எளிது: இரண்டு டிஸ்க்குகளிலும் அதே தகவல், கணக்கே வேண்டாம். பாதுகாப்பு வலுவானதுதான், அதற்கு விலை, வாங்கிய இடத்தில் பாதி.

இனி டிஸ்க்கை மாற்றும் வேலையைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். சர்வரின் முகப்பில் டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் தனித்தனி ட்ரேயில் செருகியிருக்கும். ட்ரேயின் முகத்தில் சின்ன விளக்குகள். கெட்ட டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்த விளக்கை மட்டும் நம்பிக் கைவைக்க மாட்டார்கள். மென்பொருள் எந்த டிஸ்க்கைக் கெட்டது என்கிறதோ அதன் சீரியல் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்வார்கள். பிறகு அந்த டிஸ்க்கின் அடையாள விளக்கைச் சிமிட்டச் சொல்லிக் கட்டளை கொடுப்பார்கள். எந்த ட்ரேயில் விளக்கு சிமிட்டுகிறது என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல்வார்கள். இத்தனை சடங்கும் ஒரே காரணத்துக்காக. ரெய்டு 5இல் ஒரு டிஸ்க் போனபின் தவறிப்போய்ப் பக்கத்தில் உள்ள நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால், இரண்டு டிஸ்க்குகள் இல்லாத கணக்கு. ஒரு ரசீதில் இரண்டு வரிகள் அழிந்தால் எந்தக் கழித்தலாலும் மீட்க முடியாது. மொத்தத் தொகுப்பும் அந்த நொடியில் நின்றுபோகும்.

சரியான ட்ரேயின் பட்டனை அழுத்தினால் லிவர் முன்னால் வரும். உடனே முழுதாக இழுக்கக் கூடாது. ஓர் அங்குலம் இழுத்ததுமே மின்தொடர்பு விட்டுப்போகும். உள்ளே தட்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். விரலை ட்ரேயின் மேல் வைத்தால் அந்த அதிர்வு தெரியும். அது அடங்க அரை நிமிடம் விட்டுத்தான் வெளியே எடுக்க வேண்டும். புதிய டிஸ்க்கை ட்ரேயில் பொருத்தி, உள்ளே தள்ளி, லிவரை மூடினால் 'டிக்' என்று உட்காரும். சில நொடிகளில் தட்டுகள் சுற்ற ஆரம்பிக்கும் ஓசை, பிறகு பச்சை விளக்கு வேகமாகத் துடிக்கும். தகவலை மறுபடி எழுதும் ரீபில்ட் வேலை தொடங்கிவிட்டது.

சில சமயம் தொடங்காது. பழையதும் 4 டெராபைட், புதியதும் 4 டெராபைட் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், கம்பெனிக்குக் கம்பெனி செக்டர் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்கும். புதியதில் தேவைக்கு ஒரு செக்டர் குறைந்தாலும் கன்ட்ரோலர் ஏற்காது. அதனால்தான் அனுபவசாலிகள் தொகுப்பை அமைக்கும்போதே கடைசியில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறார்கள்.

எந்த டிஸ்க்கை வாங்குவது என்பதும் சின்ன விஷயமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் ஒரு நிமிடம்வரைகூட முயன்றுகொண்டே இருக்கும். தனி ஆளாக இருக்கும் டிஸ்க்குக்கு அதுதான் சரி. வேறு பிரதி கிடையாது. ரெய்டுக்கான டிஸ்க் பொதுவாக 7 நொடியில் கைவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். கன்ட்ரோலர் பாரிட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். பதிலே சொல்லாமல் இருக்கும் வீட்டு டிஸ்க்கைக் கன்ட்ரோலர் செத்ததாக நினைத்து விலக்கிவிடும் அபாயம் உண்டு. 2020 ஏப்ரலில் இன்னொரு விவகாரம் வெளியே வந்தது. ரெய்டு பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில மாடல்களில், தகவல் தடங்களை ஒன்றன் ஓரத்தில் இன்னொன்று ஏறும்படி நெருக்கி எழுதும் எஸ்எம்ஆர் தொழில்நுட்பம் இருந்தது. பெட்டியில் அதைச் சொல்லவே இல்லை. சாதாரண உபயோகத்தில் வித்தியாசம் தெரியாது. ரீபில்ட் செய்யும்போது ஓயாமல் எழுத வேண்டியிருப்பதால் டிஸ்க் மூச்சுத் திணறும். சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வில், மற்ற டிஸ்க்குகள் ஒரு நாளுக்குள் முடித்த வேலைக்கு இது ஒன்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. நம்பி வாங்கியவர்களுக்குச் செய்த துரோகம் என்றே அதைச் சொல்ல வேண்டும். அப்படி ரீபில்ட் இழுத்த நாளெல்லாம் அவர்களுடைய தகவல் அந்தரத்தில் இருந்திருக்கும்.

நல்ல டிஸ்க்காக இருந்தாலும் காலம் நீண்டுகொண்டேதான் போகிறது. 1988இன் 100 மெகாபைட் இன்று 20 டெராபைட். இரண்டு லட்சம் மடங்கு. டிஸ்க்கின் வேகம் அந்த அளவுக்கு ஏறவில்லை. நொடிக்கு 250 மெகாபைட் என்ற உச்ச வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் 20 டெராபைட் டிஸ்க்கை நிரப்ப 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்வர் தன் வழக்கமான வேலையையும் பார்த்துக்கொண்டுதான் ரீபில்ட் செய்ய வேண்டும் என்பதால், நடைமுறையில் இது நாட்கணக்கில் இழுக்கும். அவ்வளவு நேரமும் மற்ற டிஸ்க்குகள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உழைக்கின்றன. பல மாதங்களாக யாரும் தொடாத மூலைமுடுக்கெல்லாம் படிக்கப்படுகின்றன. எங்கோ உறங்கிக்கொண்டிருந்த கெட்ட செக்டர் அப்போதுதான் கண்ணில் படும்.

அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில், படிக்கும் பிட்டுகளில் 100 லட்சம் கோடிக்கு ஒன்று என்ற விகிதம்வரை மீட்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருக்கும். அது ஏறக்குறைய 12.5 டெராபைட். எட்டு 4 டெராபைட் டிஸ்க்குகள் கொண்ட ரெய்டு 5இல் ஒன்று போனால், மிச்சமுள்ள ஏழிலிருந்து 28 டெராபைட் படித்தாக வேண்டும். குறிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் வழியில் இரண்டு இடத்தில் தடுக்கி விழ வேண்டும். இதைக் காட்டித்தான் 2007இல் ராபின் ஹாரிஸ் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர், 2009க்குப் பிறகு ரெய்டு 5 உதவாது என்று எழுதினார். அது வெளியானபோது பெரிய சலசலப்பு. நடைமுறையில் டிஸ்க்குகள் குறிப்பில் சொன்னதைவிட ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன. சர்வர் தர டிஸ்க்குகளுக்கு அந்த எல்லையே பத்து மடங்கு தள்ளி இருக்கிறது. ஆனாலும் பெரிய டிஸ்க்குகளோடு ரெய்டு 5 வைப்பதை இப்போது பொறுப்பானவர்கள் யாரும் சிபாரிசு செய்வதில்லை.

அதைவிட ஆபத்தான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு டிஸ்க் போவதற்கும் இன்னொன்று போவதற்கும் சம்பந்தமில்லை என்ற அனுமானத்தின் மேல்தான் ரெய்டின் பாதுகாப்புக் கணக்கு முழுவதும் நிற்கிறது. நிஜத்தில் சம்பந்தம் உண்டு. ஒரு சர்வரில் உள்ள டிஸ்க்குகள் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே பார்சலில், ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை. ஒரே சூடு, ஒரே அதிர்வு, ஒரே மின்சாரம். 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பியாங்கா ஷ்ரோடர், பெர்க்லிக் கட்டுரையின் அதே கார்த் கிப்சனோடு சேர்ந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் டிஸ்க்குகளின் நிஜ வாழ்க்கைப் பதிவுகளை அலசினார். கம்பெனிகளின் குறிப்பின்படி வருடத்துக்கு நூற்றில் ஒன்றுகூட போகக் கூடாது. களத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சகஜமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம்வரை. டிஸ்க்குகள் தனித்தனியே சீராகப் போவதற்குப் பதிலாகக் கொத்தாகப் போவதும் தெரிந்தது. ரெய்டை உருவாக்கிய மூவரில் ஒருவரே, அதன் அடிப்படை அனுமானம் எவ்வளவு பலவீனமானது என்று ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத் தரவோடு காட்டியது அறிவியல் நேர்மைக்கு நல்ல உதாரணம்.

இந்தப் பலவீனம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019 நவம்பரில் எச்பிஇ நிறுவனம் விட்ட எச்சரிக்கை காட்டியது. அதன் சில எஸ்எஸ்டி மாடல்கள், சுழலும் தட்டே இல்லாதவை, சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்றது அறிக்கை. மூன்று வருடம், 270 நாள், 8 மணி நேரம். உள்ளே இருக்கும் மென்பொருளில் பிழை. கம்ப்யூட்டர் எண்களோடு பழகியவர்களுக்கு 32,768 பழக்கமானது: இரண்டின் 15ஆம் அடுக்கு. செத்தால் டிஸ்க்கும் மீளாது, தகவலும் மீளாது. ஒரே நாளில் ஒன்றாக இயக்கத்துக்கு வந்த எஸ்எஸ்டிகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போய்விடக்கூடும். எத்தனை பாரிட்டி வைத்திருந்தாலும் எல்லா டிஸ்க்கும் ஒன்றாகப் போனால் கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை. அடுத்த வருடமே வேறு சில மாடல்களில் 40,000 மணி நேரத்தில் இதே கதி என்று இரண்டாவது எச்சரிக்கை வந்தது. இரண்டுக்கும் தீர்வு, கெடுவுக்குள் மென்பொருளைப் புதுப்பிப்பது மட்டுமே.

இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குவதற்கு வந்தது ரெய்டு 6. இதில் பாரிட்டி இரண்டு. முதலாவது முன்பு பார்த்த இரட்டைப்படைக் கணக்கு. அதையே இன்னொரு பிரதி எடுத்தால் புதிதாக எதுவும் தெரியாது. இரண்டாவது வேறு விதமான சமன்பாடாக இருக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் வெவ்வேறு எண்ணைக் கொடுத்துப் பெருக்கிக் கூட்டினால் இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண், தீர்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் சாதாரணமாகப் பெருக்கினால் எண் பெருத்துக்கொண்டே போய் ஒரு பைட்டுக்குள் அடங்காது. எவ்வளவு கூட்டினாலும் பெருக்கினாலும் 256 எண்களுக்குள்ளேயே சுற்றிவரும் ஒரு கணிதம் வேண்டும். அதை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தவர் எவாரிஸ்ட் கால்வா என்ற பிரெஞ்சு இளைஞர். 1832இல் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 20. அவர் விட்டுச்சென்ற இந்தக் கணிதம்தான் சிடி தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓட வைத்தது. அதுவே இன்று சர்வரில் இரண்டாவது டிஸ்க்கையும் மீட்கிறது.

டிஸ்க் சாகப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா? ஓரளவுக்கு. ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற முறையில் தன் உடல்நிலைக் குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது: எத்தனை செக்டர்களை இடம் மாற்றியது, எத்தனை மாற்றக் காத்திருக்கின்றன, எத்தனை மணி நேரம் ஓடியது. கூகுள் 2007இல் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் சாவதற்கான வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு என்று தெரிந்தது. அப்படியானால் குறிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதம், வெப்பநிலையைத் தவிர வேறெந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. அந்த ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் அசைத்தது. சூட்டில் டிஸ்க் கெடும் என்று சர்வர் அறைகளை ஐஸ் பெட்டியாக வைத்திருந்தவர்களுக்கு, மிகக் குளிர்ந்த டிஸ்க்குகள்தான் அதிகம் செத்திருந்தன என்ற முடிவு வியப்பாக இருந்திருக்கும். மிக அதிகச் சூட்டில் மட்டுமே வெப்பம் எமனாக இருந்தது.

சத்தம் கொல்லும் என்பது அதைவிட வியப்பு. 2008 கடைசியில் சன் நிறுவனத்தின் பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்குகளுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அந்த நொடியில் டிஸ்க்குகள் பதில் தரும் நேரம் எகிறியது திரையில் தெரிந்தது. அதிர்வில் தலை தடத்தை விட்டு விலகுகிறது. நானோமீட்டர் உலகத்தில் ஒரு கூச்சலே நிலநடுக்கம். விபரீதமாக இது நடந்தது 2016 செப்டம்பரில், ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில். ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை பார்த்தார்கள். தீயை அணைக்கும் வாயு குழாய்களிலிருந்து சீறிய ஓசை அளவுக்கு மீறிப்போய், பல டிஸ்க்குகளைச் சேதப்படுத்தியது. வங்கிச் சேவைகள் பத்து மணி நேரம்போல முடங்கின.

எதிர்பாராத சாவை வெல்ல நடைமுறையில் இருக்கும் நல்ல பழக்கம் 'ஸ்க்ரப்'. டிஸ்க்குகள் நலமாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை அத்தனையையும் படித்து, பாரிட்டியோடு ஒப்பிட்டு, கெட்ட செக்டர்களை அப்போதே சரிசெய்துவிடுவது. டெபியன் லினக்ஸில் இது மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலை தானாகவே ஓடும்படி வெகுகாலமாக அமைத்திருந்தார்கள். சர்வர் மெதுவாகிறது என்று இதை நிறுத்திவைப்பவர்கள் உண்டு. ரீபில்ட் நடக்கும்போது தெரியவரும் கெட்ட செக்டர்களில் பெரும்பகுதி, ஸ்க்ரப் ஓடியிருந்தால் முன்பே சிக்கியிருக்கும். சில மணி நேர மந்தத்தைத் தவிர்க்கப்போய் எல்லாவற்றையும் பணயம் வைக்கிறார்கள்.

ரெய்டு இருக்கிறது, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல உலகத்தில் உதாரணத்துக்குக் குறைவில்லை. கோப்பை அழிக்கச் சொன்னால் ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் விசுவாசமாக அழித்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் களைப்போடு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், தவறான சர்வரில் டேட்டாபேஸை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரிப்பதற்குள் சுமார் 300 கிகாபைட் போயிற்று. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த நகல் ஒன்று கைகொடுத்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் கட்டடமே தீயில் எரிந்து போனது. ஒரே கட்டடத்தில் இருந்த ஆறு டிஸ்க்கும் எரியும், அறுபது டிஸ்க்கும் எரியும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோனில் அரசு டேட்டா சென்டரில் பிடித்த தீயில், அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் அழிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியே பேக்கப் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அளவு பெரிது என்பதே பேக்கப் எடுப்பதற்கான காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் ஒரு பெட்டிக்குள் அடைபட்ட ரெய்டைத் தாண்டிப் போய்விட்டன. பேக்பிளேஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட முறையில், ஒரு கோப்பை 17 துண்டாக வெட்டி, அதோடு கால்வாவின் கணிதத்தில் 3 பாரிட்டித் துண்டுகளைச் சேர்த்து, மொத்தம் 20 துண்டுகளையும் 20 வெவ்வேறு சர்வர்களில் வைத்தார்கள். எந்த மூன்று சர்வர் படுத்தாலும் கோப்பு பிழைக்கும். ரீபில்ட் நேரத்தைக் குறைக்கவும் வழி வந்திருக்கிறது. பாரம்பரிய ரெய்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே புது டிஸ்க்கில் எழுதுவதுதான் குறுகிய கழுத்து. 2021இல் ஓபன்இசட்எஃப்எஸ் மென்பொருள் கொண்டுவந்த டிரெய்டு முறையில் உபரி டிஸ்க் என்று தனியாக ஒன்று சும்மா கிடக்காது. உபரி இடம் எல்லா டிஸ்க்குகளிலும் பரவியிருக்கும். ஒன்று போனால் மற்ற எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவதால், ஆபத்தான காலம் பல மடங்கு சுருங்கிவிடுகிறது. கெட்ட டிஸ்க்கை அதற்கப்புறம் சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம்.

உருவி எடுத்த அந்தப் பழைய டிஸ்க்கைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. கன்ட்ரோலர் விலக்கிவைத்தது என்பதற்காக உள்ளே இருந்த தகவல் மறைந்துவிடாது. ரெய்டு 1 என்றால் அதில் முழுப் பிரதியே இருக்கிறது. ரெய்டு 5இல் தகவல் துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஆனால் துண்டு ஒவ்வொன்றும் பல நூறு கிலோபைட் இருக்கலாம், ஒரு வாடிக்கையாளர் பட்டியல் அப்படியே அடங்கும் அளவு. பாதி செத்த டிஸ்க்கின் மேல் மென்பொருளால் எழுதி அழிக்கவும் முடியாது. அதனால் வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும், வாரன்டியில் புது டிஸ்க் வாங்கினாலும் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்ற ஒப்பந்தத்துக்குத் தனியாகக் காசு கட்டுகின்றன. பழைய டிஸ்க்கின் சீரியல் எண் பதிவேட்டில் ஏறும். டிஸ்க் பூட்டிய பெட்டிக்குள் போகும். வலுவான காந்தத்திலோ, உலோகத்தைத் துண்டு துண்டாக அரைக்கும் எந்திரத்திலோ முடியும். அழித்ததற்கான சான்றிதழ் அதே சீரியல் எண்ணோடு வந்து சேர்ந்த பிறகே அங்கெல்லாம் டிஸ்க் மாற்றும் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடுகிறார்கள்.